நாற்பத்தேழாவது வரி

"என் புரோகிராமே பன்னெண்டு வரி. நாப்பத்தேழாவது வரியில தப்புங்குது. இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

நாகஜோதி மானிட்டரை ஒரு தட்டு தட்டினாள். பயிர் விளைச்சலைக் கணக்கெடுக்கும் அந்தத் திண்டுக்கல் ஆபீசிலிருந்து மதியத்துக்குள் கொய்யா அறிக்கை போயாக வேண்டும்.

பக்கத்து சீட் உம்மு சல்மா எட்டிப் பார்த்தாள். "முதல் வரியில ஒரு ஃபைலை உள்ள இழுக்குறியே, சூசைராஜ் எழுதினது. தப்பு அதுக்குள்ள இருக்கும்."

"அதான பார்த்தேன். வேலையை விட்டுப் போயி ரெண்டு மாசமாச்சு, இன்னும் அந்த மனுசன் உசிரை வாங்குறாரு."

ஃபைலைத் திறந்தாள். நாற்பத்தேழாவது வரி 'திருத்தம்' என்றொரு பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று அவள் கம்ப்யூட்டரில் இல்லை.

"என்ன எழவுத் திருத்தமோ. வரியையே அழிச்சு விடறேன்க்கா."

அழித்தாள். புரோகிராம் ஓடியது. ஆயக்குடியில் ஒரு கொய்யா மரம் நாலாயிரம் கிலோ காய்த்தது.

"மரமா, லாரியா?" என்றாள் உம்மு சல்மா.

வேறு வழியில்லாமல் சூசைராஜுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணே, உங்க ஃபைலு மானத்தை வாங்குது."

"அந்த வரியை அழிச்சிட்டியா தாயி? திரும்பப் போடு. பட்டியல் என் பழைய கம்ப்யூட்டர்ல கெடக்கும். அதை உன்னுதுல ஏத்திட்டு, வரியில இருக்க ஃபைல் பாதையை மட்டும் மாத்திவிடு."

ஃபோனை வைக்காமலே, அவருடைய பழைய கம்ப்யூட்டர் கிடந்த ஸ்டோர் ரூமுக்குப் போனாள். பட்டியல் இருந்தது. ஊர், தப்பான எண், சரியான எண். நாலாயிரத்துக்கு நேரே நாற்பது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். எல்லாம் ஆயக்குடி, செம்பட்டி.

யார் பேரும் போட்டிருக்கவில்லை. ஆனால் அந்த ரெண்டு ஊர்ப் படிவங்களையும் டைப் அடித்தது அவள் ஒருத்திதான்.

"அண்ணே... இது அம்புட்டும் நான் அடிச்சது."

"ஆமா. படிவத்தை ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பார்த்துதான் திருத்துனேன்."

"ஏன் சொல்லல?"

"அப்ப நீ சேந்த புதுசு. மேனேஜர் காதுக்குப் போனா அன்னைக்கே அனுப்பிருவாரு. மெல்லச் சொல்லிக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நானே கெளம்பிட்டேன்."

நாகஜோதி ஃபோனை வைத்துவிட்டுப் பட்டியலைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். சீட்டுக்கு வந்து, உம்மு சல்மாவிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வரியைத் திரும்பப் போட்டாள். பாதையை மாற்றினாள். மரம் ஒழுங்காக நாற்பது கிலோ காய்த்தது.

மேனேஜர் முத்துக்கிருஷ்ணன் வந்து நின்றார். "என்னம்மா, காலையிலேருந்து எதுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு?"

உம்மு சல்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"சூசைராஜ் அண்ணன் ஃபைல்ல ஒரு தப்பு சார்," என்றாள் நாகஜோதி. "நான் சரி பண்ணிட்டேன்."