அத்தை தவறவிட்ட பஸ்

“நிறுத்துடி, நிறுத்து! பள்ளிக்கூடத்துல செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. இப்படிப் பேசினா பாதியிலேயே போனை வச்சிடுவாங்க.”

மெக்லித் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அறைத்தோழி என்பதால் அவளுக்கு இப்படித் திட்ட உரிமை இருந்தது.

யோதித் கையிலிருந்த தாளைக் கட்டிலில் எறிந்தாள். “நான் என்னடி பண்றது? நிஜ இன்டர்வியூன்னு நினைச்சாலே நாக்கு ஒட்டிக்குது.”

பொய்யில்லை. படிப்பு முடிந்து இரண்டு வருடத்தில் மூன்று நேர்காணல், மூன்றிலும் வாயடைத்துப் போனாள். இது நாலாவது. பஸ் டிக்கெட் விற்கும் ஆப் நடத்துகிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, அடிஸ் அபாபா ஆபீசில் ஆப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் பிராடக்ட் மேனேஜருக்கு உதவியாக ஆள் தேடியது. இதுவும் கைநழுவினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான டெஸ்ஸிக்கே திரும்ப வேண்டியதுதான் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“அதுக்குத்தான் ஒத்திகை வச்சிருக்கேன்” என்றாள் மெக்லித். “எங்க சித்தப்பா பையன் காலைல கூப்பிடுவான். கம்பெனி ஆள் மாதிரியே பேசுவான், சிரிக்கவே மாட்டான். அவன்கிட்ட பழகிக்கோ. சாயங்காலம் நாலு மணிக்கு அவங்க போன் பண்ணும்போது பயம் தெளிஞ்சிருக்கும்.”

அவள் வேலைக்குக் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்து, புது எண்ணிலிருந்து போன் வந்தது. யோதித் அப்போதுதான் ஃபிர்ஃபிர் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நேற்று மிஞ்சிய இஞ்சேரா ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கிளறியது, காரம் தூக்கலாக இருந்தது.

“யோதித்தா? டிக்கெட் கம்பெனியிலேருந்து நெபியு பேசறேன். ஆரம்பிக்கலாமா?”

“ஆரம்பமே பிரமாதம்ணா! ஒரு நிமிஷம், வாயில சாப்பாடு.”

“சரி, முடிச்சிட்டுப் பேசுங்க” என்றது குரல். நிஜமாகவே சிரிக்காத ஆள்தான்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க, இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க, எங்க ஆப்ல என்ன குறை?”

“அண்ணா, மூணு கேள்வியை ஒரே மூச்சுல கேட்டா எதுக்குப் பதில் சொல்றது? நல்லாக் கேக்கத் தெரிஞ்சவங்க ஒண்ணொண்ணாக் கேப்பாங்க.”

“சரிதான். மன்னிக்கணும்” என்றார் அவர். “ஏன் இந்த வேலை?”

“மனப்பாடம் பண்ணினதைச் சொல்லவா, உண்மையைச் சொல்லவா?”

“உண்மையையே சொல்லுங்க.”

யோதித் தட்டைத் தள்ளி வைத்தாள். “ரெண்டு வருஷமா மாமாவோட போன் ரிப்பேர் கடையில உக்காந்திருக்கேன். வர்றவங்கள்ல பாதிப் பேர் போன்ல கோளாறே கிடையாது. உள்ள இருக்கறது புரியாம, தான்தான் மக்குன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வர்றாங்க. புரியாத மாதிரி செஞ்சவனை ஒருத்தரும் திட்டறதில்ல. அவங்களுக்காகத் திட்டறதுக்கு ஒரு ஆள் உங்க ஆபீஸுக்குள்ள வேணும்ணா.”

சொன்ன பிறகுதான், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“எங்க ஆப்ல டிக்கெட் வாங்கிட்டு நிறையப் பேர் பஸ்ஸைத் தவற விடறாங்க. ஏன்னு கண்டுபிடிக்க முடியல.”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? எங்க அத்தையைக் கேளுங்க. ஈஸ்டருக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாங்க. அஞ்சு மணி பஸ்ஸுன்னு போட்டிருந்துச்சு. நம்ம ஊர்க் கணக்குல அஞ்சு மணின்னா விடிஞ்சு அஞ்சு மணி நேரம் கழிச்சு. கூடையில கோழியோட சாவகாசமாப் போய் நின்னாங்க. உங்க ஆப் காட்டினது வெளிநாட்டு மணி. பஸ் விடியறதுக்கு முன்னாடியே போயாச்சு. அந்த ஈஸ்டருக்கு அத்தை எங்க ரூம்ல அழுதுக்கிட்டே கோழி சமைச்சாங்க.”

“என்ன செய்யலாம்?”

“ரெண்டு மணியையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. ‘விடியறதுக்கு முன்னாடி’ன்னு ஒரு வரி சேருங்க. அவ்வளவுதான்.”

“மேலிடம் ஒத்துக்கலைன்னா?”

“அத்தையைக் கூட்டிட்டு வந்து அவங்க முன்னாடி உக்கார வச்சிடுவேன். எங்க அத்தை கிட்ட வாய் குடுத்துட்டுத் தப்பிச்சவங்க கிடையாது.”

எதிர்முனையில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இன்னும் நாலைந்து கேள்விகள் வந்தன. எதற்கும் அவள் நாக்கு ஒட்டவில்லை.

“எனக்குத் திருப்தி. வேலை உங்களுக்குத்தான். திங்கக்கிழமை வந்து சேருங்க.”

யோதித் விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்ணா! நடிச்சது போதும். ரொம்ப தேங்க்ஸ்!” என்று போனை வைத்தாள்.

சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை வாரி முடித்தபோது, மறுபடியும் ஒரு புது எண்.

“யோதித்தா? மெக்லித்தோட சித்தப்பா பையன் பேசறேன். கோச்சுக்காதம்மா, பேங்க்ல மீட்டிங் இழுத்துடுச்சு. சாயங்காலம்தானே இன்டர்வியூ? இப்ப ஒத்திகையை ஆரம்பிச்சிடலாமா?”

யோதித் கம்பெனி அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தாள்.

‘வெள்ளிக்கிழமை, நாலு மணி’ என்று மட்டும் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனியாயிற்றே என்று ‘சாயங்காலம்’ என்பதைச் சேர்த்துப் படித்தது அவள்தான். அடிஸ் ஆபீஸ்காரர்கள் ஊர்க் கணக்குப்படி, விடிந்து சரியாக நாலு மணி நேரம் கழித்து, காலையிலேயே கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு வேலை கிடைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.