சுவர் நிறையப் பறவைகள்

ஷீபா மதினி ஸ்டூலில் ஏறி நின்று ஒரு பூநாரையைச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஐஸ் ஃபேக்டரியில் இரவெல்லாம் ஐஸ்கட்டி தள்ளிவிட்டு வந்த எனக்கு இதுதான் வரவேற்பு.

இந்தத் தீவில், ஜங்லிகாட்டின் கருவாட்டு நாற்றத்துக்கு நடுவில், ஒற்றைக்காலில் ஒரு பூநாரை. அதற்குப் பக்கத்தில் உடம்பைவிடப் பெரிய மூக்கோடு ஏதோ ஒரு பிரேசில் பறவை. அதற்கு மேல் ஆந்தைகள். எல்லாம் கண்ணாடி போட்டிருந்தன. ஒரு நெருப்புக்கோழிக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘உயரப் பற’ என்று அச்சடித்திருந்தது. அச்சடித்தவனுக்கும் அறிவில்லை, அதை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்தவளுக்கும் இல்லை.

ஒரு மாதமாக இதே கூத்து. காகிதப் பறவைகள் பார்சலில் வரும், பிரிப்பாள், ஒட்டுவாள். முன்னறை, சின்னப் பிள்ளைகளின் பல் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

பிரிஸ்கில்லா அத்தை, அப்பாவின் தங்கை, மாலை ஜெபத்துக்குக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் மாலையும் சிவப்பு பல்பும். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“புருசன் போயி வருசம் ஆகுது. இவ என்னடான்னா வீட்ட ஜூ ஆக்கி வச்சிருக்கா. ஏளா, வாசல்ல டிக்கெட் போடு, நாலு டூரிஸ்ட்டாவது வருவான்.”

நான் சிரித்தேன். அத்தையை எனக்குப் பிடிக்காது. ஆனால் சொன்னது சரி.

மதினி பூநாரையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

போன வருடம் அண்ணன் ஜெனிஷ் டிங்கிப் படகில் வலை எடுக்கப் போனான். டிங்கி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

இன்று மாலை பங்குச்சாமியார் வந்து ஜெபம் சொல்லி அவன் படத்தை மாட்டப் போகிறார்கள். எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவர்களைத் தனியாகச் சுவரில் ஏற்றுவதில்லை. படம் ஏறி, மாலை விழுந்து, சிவப்பு பல்பு எரிந்தால் ஆள் போய்விட்டான் என்று பொருள். அதன்பிறகு அவன் வருவான் என்று யாரும் பேசக் கூடாது. அம்மா அப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறாள்.

அப்பா ஸ்டுடியோவிலிருந்து படத்தோடு வந்தார்.

அண்ணனுக்குக் கோட்டு மாட்டி, பின்னால் பனிமலை வைத்திருந்தார்கள். லுங்கியைத் தவிர எதையும் ஒழுங்காகக் கட்டத் தெரியாதவன். செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்ற தைரியம் ஸ்டுடியோக்காரனுக்கு.

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். அம்மாவைச் சுற்றி நான்கு பக்கமும் கிளிகள்.

“ஒண்ணக் கழட்டுலே, ஜோஸ்வா.”

ஸ்டூலில் ஏறி ஒரு கிளியின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. கத்தியைச் செருகினேன். சுண்ணாம்பு பெயர்ந்து கண்ணில் விழுந்தது. கிளி அசையவில்லை.

மோந்து பார்த்தேன். ரெசின். டிங்கியில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு அண்ணன் பின்கட்டில் வாங்கி வைத்திருந்தது. கடல் தண்ணீரே பிரிக்க முடியாத சாமானை எடுத்துக் காகிதக் கிளியை ஒட்டியிருக்கிறாள். இப்படி ஒரு மக்கை நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது மூலையைப் பார்த்தேன். பார்சல்களோடு வந்த ஒட்டு டேப்புகள் அங்கே குவிந்து கிடந்தன. ஒன்றைக்கூட அவள் பிரிக்கவில்லை.

கத்தியை மடக்கினேன்.

அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக நடந்தார். கொக்கு. மயில். மறுபடி ஆந்தை. கடைசியில் அடுப்படி வாசலுக்கு மேல் ஒரு படம் கொள்ளும் அளவுக்கு வெறும் சுவர் அகப்பட்டது.

மதினி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பறவை தீர்ந்துவிட்டது.

“அங்க வேண்டாம் மாமா. அடுத்த கப்பல்ல ஒண்ணு வருது.”

அவள் விரல்களில் ரெசின் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

“அஞ்சு மணிக்கு சாமி வந்துருவாரும்மா,” என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல். பிறகு என்னிடம், “கணபதி கடையில நாலு காங்கிரீட் ஆணி வாங்கிட்டு வா.”

“ஜல்தி போலே,” என்றாள் அத்தை. “பல்புக்கு வேற வயரு இழுக்கணும்.”

போனேன். கணபதி கடையில், பெரார்கஞ்சிலிருந்து வந்த ஒருவன் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு இந்தியில் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிவிட்டு ஆணியை வாங்கி பேன்ட் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மதினி அந்த வெறும் இடத்துக்கு நேர் கீழே நின்றாள். ஸ்டூலை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் நின்றுவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல. அறிவுகெட்டவள். ஏறி நிற்க வீட்டில் நாற்காலி இல்லையா?

ஆணிகள் தொடையில் குத்தின.

“கடை பந்த்,” என்றேன்.

“புதன்கெழம என்னலே பந்த்? நான் வரும்போ தொறந்துல்லா கெடந்துது?” அத்தை மாலையைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

எங்கள் வாசலில் நின்றாலே கணபதி கடை தெரியும்.

அப்பா வாசல் பக்கம் திரும்பவில்லை. அண்ணனை மறுபடியும் ஸ்டுடியோ காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

“அவந்தான் பந்த்னு சொல்லுதாம்லா,” என்றார் அத்தையிடம். “நீ இரி.”