பெரியண்ணன் கொடுத்த ரத்தம்

பெரியண்ணன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"எல்லார் ரத்தமும் பத்திரமா இருக்கு. என் டியூப் மட்டும் கைதவறி உடைஞ்சுபோச்சா?"

ஆராய்ச்சி டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்பு என்னோடதுதான் சார். மன்னிச்சுடுங்க."

சுவரில் மாட்டியிருந்த குடும்ப வரைபடத்தில் அவருடைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. யாருக்குத்தான் கோபம் வராது?

இத்தனைக்கும் அது கொண்டாட வேண்டிய நாள். அந்த வீட்டு அம்மாவைக் குடல் புற்றுநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. அம்மாவின் அக்காவையும் அண்ணனையும்கூட அதே நோய்தான். பரம்பரையாகத் துரத்தும் அந்த மரபணுக் கோளாறு எது என்று வருஷக்கணக்காகத் தேடிய டாக்டரம்மா, இந்தக் குடும்பத்து ரத்தத்தில்தான் அதைக் கையும் களவுமாகப் பிடித்தாள். கோளாறு கடைக்குட்டியான ஒரே தங்கையிடம் இருந்தது. புற்றாக மாறுவதற்கு முன்பே கட்டியை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள், மகராசி! தம்பிகள் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

"உங்களுக்கும் நோய் இல்லைன்னு முதல்ல குடலைப் பரிசோதிச்சப்பவே சொல்லிட்டாங்களே. ஆராய்ச்சியும் முடிஞ்சுபோச்சு, இன்னொரு தரம் ரத்தம் எதுக்கு? விடுங்கண்ணா" என்று தங்கைதான் சமாதானப்படுத்தி அழைத்துப் போனாள்.

அவர்கள் படியிறங்கியதும் உதவியாளர் பெண் சிரித்துவிட்டாள். "மேடம், கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு வேலை பார்க்கிற நீங்களாவது, டியூபை உடைக்கறதாவது! அது ஃப்ரீசர்ல முழுசா இருக்கே?"

டாக்டரம்மா கதவைச் சாத்தினாள். பெரியண்ணனின் மரபணு அந்த வீட்டில் ஒருவரோடும் ஒத்துப்போகவில்லை. அவர் வளர்ப்புப் பிள்ளை. பாவம், அது அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தால் ரத்தம் கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றிருப்பாரா?

"நோயைக் கண்டுபிடிக்கப் போய் ஒரு குடும்பத்தை உடைக்கறதா? டியூப் உடைஞ்சதாவே இருக்கட்டும். வெளியில மூச்சு விடாதே" என்றாள்.

கதவு தட்டும் சத்தம். பெரியண்ணன்!

"குடையை மறந்துட்டேன்னு கீழே சொல்லிட்டு வந்தேன்" என்றார். இப்போது அந்தக் குரலில் கோபம் மருந்துக்கும் இல்லை. "ரொம்ப நன்றி டாக்டர். நான் அவங்க வயித்துல பொறக்கலைன்னு அம்மா கடைசி நாள்ல என்கிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க."

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா சார் ரத்தம் கொடுத்தீங்க?"

"ஊசின்னா மூணும் ஓடிடும். நான் முதல்ல கையை நீட்டினாத்தானே அதுங்களும் நீட்டும்? அதனாலதானே இன்னிக்கு என் தங்கச்சி உசுரோட இருக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சத்தம் போட்டதை மனசுல வெச்சுக்காதீங்க. நான் அந்தக் குதி குதிக்கலைன்னா, டியூப் உடைஞ்ச கதையை அதுங்க நம்பியிருக்காது."