பியானோவுக்கு வேலை இல்லாத இடம்

ஒரு பியானோ இருந்தது, ரொம்பப் பாசக்காரப் பியானோ. அதன் மேல் இத்தாலிய ஓபராப் பாட்டுப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்துச் செலின் பாடிப் பழகினாள். பாட்டின் உச்சியில், அவள் தனியாகத் தன் இஷ்டத்துக்குக் குரலைச் சுழற்ற வேண்டிய இடம் வந்தது. அவள் தயங்கியதும் பியானோ ஓடிப்போய்க் கூடவே ஒலித்தது. மூன்று தடவையும் அப்படித்தான். அவள் குரல் மேலே எழவே இல்லை.

"அண்ணே, இந்த இடத்துல உங்களுக்கு என்ன எழுதியிருக்கு?" என்றது புத்தகம்.

"ஒண்ணும் இல்லப்பா. அதுக்காக அவள விழ விடவா? நாளைக்கு மேடை ஏறணும்."

"நாளைக்கும் அந்த இடத்துல யாரும் வாசிக்க மாட்டாங்களே, அண்ணே."

நாலாவது தடவை பியானோ பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தது. செலினின் குரல் தடுமாறியது. பிறகு யாரும் எழுதித் தராத ஒரு வழியில் ஏறி, சுழன்று, இறங்கி வந்தது.

"உயிரே போயிருச்சுப்பா" என்றது பியானோ.

செலின் அதே இடத்தை இன்னொரு தடவை பாட மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.