காகிதத் தூள்

எடின்பரோவில் மழை விட்ட காலை. வங்கிக்காரர் டல்லக்கின் எதிரே பண்ணையார் கில்பர்ட் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். துணி வெளுக்கும் தொழிலுக்கு அறுநூறு பவுன் வேண்டும். பத்திரத்தில் ஜாமீன்தாராக எழுதியிருந்த மகன் ரனல்ட் காய்ச்சலில் போய் மூன்று வாரமாகிறது. குமாஸ்தா சிறு கத்தியால் அந்தப் பெயரைச் சுரண்டுகிறார். ஈர வெளிச்சத்தில் காகிதத் தூள் மேசைமேல் வெண்மையாக உதிர்கிறது. டல்லக் கேட்கிறார்: “உங்க மச்சான் பேரைப் போட்டுக்கலாமா?” “சரி.” “வட்டி அஞ்சு.” “சரி.” டல்லக்குக்கு எரிச்சலாக வருகிறது. நான்கில் முடிக்கலாம் என்றுதான் ஐந்தில் தொடங்கியிருக்கிறார். “என்னங்க இது? நீங்க நாலுன்னு கேக்கணும், நான் முடியாதுங்கணும், நீங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிக்கணும். வருசா வருசம் அப்படித்தானே?” கில்பர்ட் தூளைப் பார்த்தபடியே சொல்கிறார்: “எந்திரிச்சது நான் இல்லீங்க. அவன்தான். நான் பின்னாலேயே வருவேன்.” கணப்பில் கரி ஒருமுறை வெடித்து அடங்குகிறது. டல்லக் குமாஸ்தாவிடம் கத்தியை வாங்கி, பத்திரத்தில் வட்டி ஐந்து என்ற எழுத்தைத் தானே சுரண்டத் தொடங்குகிறார். புதுத் தூள் விழுகிறது. கில்பர்ட் சுட்டுவிரலை நீட்டி, முதலில் விழுந்த தூளை மட்டும் தன் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்கிறார்.