சட்டைக்குள் நடந்த போர்

ஒரு சட்டையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் போர் மூண்டது. பை தன்னிடம் இருப்பதால் தானே முழுச் சட்டை என்றது இடப்பாதி. வலப்பாதி ஒப்பவில்லை.

இடப்பாதியில் குடியிருந்த பொத்தான் துளையான காஜாவுக்கு ஒரே கவலைதான். அவள் கணவன் பொத்தான் எதிர்ப்பக்கத்துக்காரன்.

"காலையில் வந்து சாயங்காலம் போகிறவர், ஐயா. விட்டுவிடுங்கள்" என்று பையிடம் கெஞ்சினாள்.

"ஒற்றனும் அப்படித்தானம்மா வருவான்" என்றது பை.

வலப்பாதியோ, குண்டு தீர்ந்ததும் தன் பொத்தான்களையே பிய்த்து எறிந்தது. காஜாவின் கணவனும் அதில் போனான்.

பிறகு சமாதானம் வந்தது. இரு பாதிகளும் மேளதாளத்தோடு கட்டித் தழுவிக்கொண்டன. லேசாகக் காற்றடித்தது, ஆளுக்கொரு பக்கம் விலகிப் பறந்தன.

"முன்பெல்லாம் எப்படித்தான் ஒட்டிக்கொண்டிருந்தோமோ!" என்று வியந்தது பை.

"எங்கள் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டிருந்தார், ஐயா" என்றாள் காஜா.