ஐம்பத்திரண்டு சுற்று

இருபத்தேழா, இருபத்தெட்டா?

மருந்துக்கடைக்காரருக்கு எண்ணிக்கை நழுவிவிட்டது. நாள் முழுக்க மாத்திரை எண்ணிக் கொடுக்கிற கை அது. ஒன்று குறைந்தது என்று இதுவரை ஒருவரும் கடையேறி வந்து சண்டை போட்டதில்லை. இப்போது மேடையில், மடியில் கிளாரினெட்டை வைத்துக்கொண்டு, இருபத்தேழுக்கு அப்புறம் என்ன என்று திருதிருவென விழிக்கிறார்.

காகிதத்தில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. ஐம்பத்திரண்டு சுற்று தாளத்துக்கு இரண்டு கிளாரினெட்டும் சும்மா இருக்க வேண்டும். அதுவரை டிராம்போன்கள் ஒரே வரியைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வாசிக்கும். அதைக் கேட்டு எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு சட்டென்று பேண்டு முழுவதும் வாயடைக்கும். அதே நொடியில் இவரும் பக்கத்து நாற்காலி அத்தானும் மட்டும் தொடங்க வேண்டும்.

ஒரு நொடி பிந்தினால் போதும், நிறைந்த மண்டபத்தின் நடுவே மானம் கப்பலேறிவிடும்.

பேண்டு மாஸ்டர் கை காட்டமாட்டார். இந்த இடத்தில் அவர் முகம் டிராம்போன்கள் பக்கம்தான் இருக்கும். ஒத்திகையில்கூட இதைத் தாண்டிப் போய்விடுவார். முப்பது வருடமாக இந்த இருவரும் கடிகாரம் மாதிரி வந்து சேர்ந்தவர்கள், இவர்களுக்கு எதற்குக் கை?

முப்பதா? முப்பத்தொன்றா?

அக்காவின் புருஷன்தான் அத்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எதற்கும் பதறாதவர். அவரிடமே கேட்டுவிடலாம் என்று மருந்துக்கடைக்காரர் மெல்லச் சாய்ந்தார்.

"அத்தான், எத்தனாவதுல இருக்கோம்?"

"என்னைக் கேட்டா? நீ கிளாரினெட்ட எடுக்கிறதப் பாத்துத்தானே மாப்ள முப்பது வருஷமா நான் எடுக்கிறேன்!"

மருந்துக்கடைக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இத்தனை வருடமும் அவர் எடுத்தது அத்தான் எடுப்பதைப் பார்த்துத்தான். இவர் அவரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார், சரி. அப்படியானால் முதலில் எடுத்தது யார்? இரண்டு பேரில் ஒருவராவது எண்ணியிருக்க வேண்டுமே!

அத்தானின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அதைப் பார்த்ததும் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கல்யாண நாளை மறந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. செவ்வாய்க்கிழமை ஒத்திகையை ஒருநாளும் மறந்ததில்லை. மாத்திரை டப்பாவில் ஊதும் முனைக்கு மாற்றுச் சீவாளி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள். அவ்வளவு பிரியம் இந்தக் குழாய் மேல். அந்த ஆளுக்கு இன்றைக்கு இந்தக் கதி.

முன்வரிசையைப் பார்த்தார். ஃப்ளூட் நாற்காலியில் புதிதாக வந்த நர்ஸ் பெண் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகு எதையும் சொல்லவில்லை.

போன மாதம்வரை அது அக்காவின் நாற்காலி. பதினான்கு வயதில் இவரைப் பேண்டுக்குக் கூட்டிவந்து சேர்த்ததே அக்காதான். ஃப்ளூட்டிலிருந்து விரலை எடுக்க மனமில்லாமல், சரியும் கண்ணாடியைப் புறங்கையால் தள்ளிவிடுவாள். முழங்கை மேலே எழும்பி இவர் காகிதத்தை மறைக்கும். கோழி இறக்கை விரிக்குது என்று அத்தான் கிண்டல் செய்வார். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

நாற்பதா? ஐம்பதே ஆகிவிட்டதா?

பெரிய டிரம் இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு இடியும் கடைசி இடியோ என்று தோன்றியது. இப்போதே எடுத்துவிடலாமா? தப்பாகத் தொடங்கினால்? பேசாமல் இருந்துவிட்டால்?

உதவிக்கு ஆள் தேடுகிறவர் போல மண்டபத்தைப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் ஒரு முழங்கை எழும்பியது.

கிளாரினெட் இவர் உதட்டில் இருந்தது. எடுக்கச் சொல்லி இவர் கைக்கு உத்தரவு போடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். அத்தானுடையதும் உதட்டில் இருந்தது.

டிராம்போன்கள் நின்றன.

இரண்டு கிளாரினெட்டும் ஒரே மூச்சில், மயிரிழை பிசகாமல், தொடங்கின.

அக்கா மூன்றாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தன. ஆனாலும் கண்ணாடியைப் புறங்கையால்தான் தள்ளியிருந்தாள். வலது கால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தன. தம்பி தன்னையே பார்ப்பதைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தாமலே சிரித்தாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணைக் காகிதத்துக்குத் திருப்பினார். வெட்கமாக இருந்தது. வாசிப்பதை நிறுத்தவும் முடியவில்லை.

'அக்காவுக்கு வயதாகிவிட்டது. முன்போல் தாளம் நிற்பதில்லை. மனம் நோகாமல் நீங்களே சொல்லி நிறுத்திவிட்டால் நல்லது' என்று போன மாதம் மாஸ்டருக்குக் கொடுத்த கடிதம், மருந்துக்கடை ரசீதுத் தாளின் பின்பக்கத்தில்தான் எழுதப்பட்டிருந்தது.

அத்தான் அதில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.